முறுமுறுப்பா, சாட்சியா?



ஒரு விசுவாசி ஆஸ்பத்திரியின்மேல் புகார் எழுதலாமா? நமக்குத் தீமை செய்தவர்களை மன்னிக்கவேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிட்டிருக்கிறார். மன்னித்துவிட்டேன் என்று சொன்ன அதே வாயோடு உட்கார்ந்து, தேதி, நேரம், பெட் நம்பர் எல்லாம் போட்டு ஒரு மனு எழுதலாமா? அது முறுமுறுப்பு ஆகாதா? வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியுமே! எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். வாதத்துக்காக அல்ல, மெய்யான பாரத்தோடு கேட்டார். அதைப் பல நாள் ஜெபத்தில் வைத்திருந்து, எனக்குக் கிடைத்த வெளிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நம்மில் அநேகருடைய வீட்டில் வயதானவர்கள் உண்டு. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு நாம் எல்லோரும் அந்த வார்டு வாசலில் நிற்கப்போகிறவர்கள்தான்.

முதலாவது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயாரின் அக்காள், என் பெரியம்மா, பிள்ளைகள் இல்லாத விதவை. எங்களோடுதான் இருக்கிறார்கள். 2023-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு விடியற்காலம், ஜெபத்துக்கு எழும்பி முகம் கழுவப் போன இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். அப்போது அவர்களுக்கு 79 வயது. தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்துபோயிற்று. பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதன் பெயர் இந்தப் பத்திரிகைக்கு வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். தேவன் அவர் கையை ஆசீர்வதித்திருக்கிறார்.

அதன்பிறகு வார்டு. பெண்கள் வார்டில் கூட ஆள் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் மட்டும் என் மனைவி போய்ப் பக்கத்தில் உட்காரலாம். "நாங்க பாத்துக்குவோம் சார், அதுக்குத்தான நர்சிங் சார்ஜ் போடுறோம்" என்றார்கள். பில்லில் அது நாளொன்றுக்கு 600 ரூபாய்.

காலை எட்டு மணிக்கு இட்லி வரும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன மேஜை உண்டு. அதன்மேல் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள். இடுப்பை அசைக்கமுடியாமல் மல்லாந்து கிடக்கிறவர் கால்மாட்டில் இருக்கிற தட்டை எப்படி எட்டுவார்? ஒன்பதரைக்கு ஒருவர் வந்து தட்டை அப்படியே எடுத்துப்போவார். சார்ட்டில், பேஷண்ட் சாப்பிட மறுத்துவிட்டார் என்று எழுதப்படும். பத்து மணிக்கு என் மனைவி போகிறபோது பெரியம்மா பசியோடு இருப்பார்கள். "ஏன் பெரியம்மா சாப்பிடல?" என்று கேட்டால், "கேட்டேம்மா. வாரேன் பாட்டின்னு சொல்லிட்டுப் போனா, வரல" என்பார்கள். தலைமாட்டில் பெல் உண்டு. அது அடிக்கும். யாரும் வருவதில்லை என்பதுதான்.

ஆபரேஷன் செய்த இடுப்பு, நீங்கள் தொடவேண்டாம் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஆறாம் நாள் வாடை தாங்கமுடியாமல், என் மனைவி தானே துணியை நனைத்து உடம்பு துடைத்துவிட ஒரு பக்கமாய்ச் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். தோல் போய்விட்டது. அடியில் இருந்த டயாப்பர் முந்தின நாள் சாயங்காலம் போட்டது, ஊறிக் கனத்துப்போயிருந்தது. அவள் வராந்தாவுக்கு வந்து எனக்கு போன் பண்ணினாள். அழுகையில் பேச்சே வரவில்லை. நான் போய்க் கேட்டபோது அங்கே இருந்த சூபர்வைசர் சொன்ன பதில்: "வயசானவங்களுக்கு இதெல்லாம் வரும் சார்."

பிரியமானவர்களே, இந்த ஒரு வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். படுக்கைப்புண் வயதினால் வருகிறதில்லை. வயது வாசலைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். உடம்பின் பாரம் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோலையும் சதையையும் நசுக்குகிறது. அங்கே இரத்தம் ஓடுவது நின்றுபோகிறது. அப்படியே மணிக்கணக்காய்க் கிடந்தால் அந்தச் சதை செத்துப்போகிறது. ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் நடக்கும். சாப்பாடு இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம். பிட்டத்தின் நடு எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை எலும்பு ஆகிய இடங்களில்தான் முதலில் வரும். ஆரம்பத்தில் தோல் சிவக்கும்; விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அதனால் தொட்டுத்தான் பார்க்கவேண்டும்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பக்கம் படுக்கவிடாமல் வைத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. அசையமுடியாதவரை இரண்டு மணிக்கொருதரம் திருப்பி, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கொஞ்சமாய்ச் சாய்த்து வைப்பது, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிடுவது, ஈரமானால் மாற்றுவது, ஊட்டுவது. இதற்கு ஸ்கேன் மெஷின் வேண்டாம், வெளிநாட்டு மருந்து வேண்டாம். இரண்டு கையும் நேரமும் வேண்டும். எல்லாப் புண்ணும் தடுக்கக்கூடியதல்ல, மெய்தான். ஆனால் திருப்பாமலே கிடந்தவருக்கு வந்த புண்ணை வயதின்மேல் போட்டுவிடக் கூடாது.

டிஸ்சார்ஜ் ஆனபிறகு கேஸ் ஷீட்டின் நகல் கேட்டோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ம் ஆண்டில் கொண்டுவந்த விதிமுறையிலேயே இருக்கிறது, அநேகருக்குத் தெரியாது. அதில் ஒரு பக்கம் நிறையக் கட்டம் போட்டிருந்தது. இரண்டு மணிக்கொருதரம் திருப்பி வைத்ததற்கு டிக். பதினொரு நாளும், இராப்பகலாக, ஒரு கட்டம் தப்பாமல் டிக். எங்கள் பெரியம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றி நாங்கள் அந்த வாசலைத் தாண்டினது மத்தியானம் 12 மணி. அந்த நாளுக்கு இரண்டு மணிக்கும் டிக் இருந்தது, நான்கு மணிக்கும், ஆறு மணிக்கும் இருந்தது.

நம்முடைய சபைகளில் சாட்சி என்றால் எழுந்து நின்று சொல்வது. ஆஸ்பத்திரியில் அந்த டிக்தான் சாட்சி. இன்ன மணிக்கு நான் இந்தத் தாயைத் தொட்டேன், திருப்பினேன் என்று ஒருவர் பேனாவால் சொல்லுகிற சாட்சி. பொய்ச்சாட்சியைக் குறித்த கட்டளை கோர்ட்டுக் கூண்டுக்கு மாத்திரம் கொடுக்கப்பட்டதல்ல.

இனி அந்தப் பக்கத்தையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் அநியாயக்காரன் ஆவேன். இராத்திரி அந்த வார்டில் இருபத்தெட்டுக் கட்டிலுக்கு இரண்டு பேர். அதில் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயதுகூட இராது. இருபத்தெட்டில் பத்துப் பேர் அசையமுடியாதவர்கள் என்று வையுங்கள். இரண்டு மணிக்கொருதரம் திருப்பவேண்டுமானால் ஒரு இராத்திரியில் ஐம்பது, அறுபது தரம். ஒவ்வொரு தரமும் இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கவேண்டும். ஊசி, டிரிப், பிரஷர், புதிதாய் வருகிற கேஸ், டாக்டருக்கு போன் எல்லாம் தனி. சாதாரண ஆஸ்பத்திரியின் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கிற கணக்கு. நாம் போகிற ஆஸ்பத்திரிகளில் அந்தக் கணக்கை எங்கே பார்த்திருக்கிறோம்? சம்பளமும் அப்படித்தான். 2015-ல் நம் தமிழ்நாடு அரசு ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளுக்கே மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் வந்து உட்கார்ந்து போராடினபிறகுதான் அந்தத் தொகை ஊர் ஜனங்களுக்கே தெரியவந்தது. அரசாங்கமே அப்படியானால் சின்ன டவுனில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியைக் கேட்கவேண்டாம்.

ஒரு காரியம் நினைத்துப்பாருங்கள். நம்முடைய சபையில் பெண்களை சிஸ்டர் என்கிறோம். ஆஸ்பத்திரியில் நர்சையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த வார்த்தை அங்கே போனதும் கிறிஸ்துவுக்காக நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்த பெண்களாலேதான். 1909-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நர்சுகளுக்குப் பள்ளி ஆரம்பித்த காலத்தில், அந்நியருடைய மலத்தையும் இரத்தத்தையும் தொடுகிற வேலைக்குக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பப் பயந்தார்கள், தீட்டு என்றார்கள். முன்வந்தவர்களில் அதிகம் பேர் கிறிஸ்தவப் பெண்பிள்ளைகள். ஊர் கேவலமாய் நினைத்த வேலையை நம்முடைய பாட்டிமார் கனமாக்கினார்கள். இன்றைக்கு அந்த வேலையை மறுபடியும் கேவலமாக்குகிறது யார்? அந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை மட்டுமா?

பெரியம்மாவிடம் நான் கேட்டேன். "அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதய்யா. ராத்திரி பூரா ஓடிக்கிட்டே இருந்துச்சி. காலு வீங்கிப்போச்சு பாட்டின்னு எங்கிட்டயே காட்டிச்சி" என்றார்கள். அவர்கள் மன்னித்துவிட்டார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. புண்ணை மருந்து போட்டுக் கழுவுகிறபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லுகிறவர்கள் அவர்கள். அவர்களிடத்தில் கசப்பு இல்லை.

இந்த இடத்தில்தான் மூப்பர் வந்தார். "பிரதர், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அது நம்ம பக்கத்துக் கிராமச் சபைல உள்ள ஒரு விசுவாசி வீட்டுப் பிள்ளை. தகப்பன் கூலி வேலை. இந்த ஒரு சம்பளத்துலதான் வீடு ஓடுது. நீங்க எழுதுனா முதல்ல அவ வேலைதான் போகும். அம்மாவே மன்னிச்சுட்டாங்க, அப்புறம் நீங்க யாரு? ஆண்டவர் தம்ம அடிச்சப்போ வாயத் திறக்கலியே" என்றார். நல்ல மனுஷர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் அற்பமானதல்ல. அதனால்தான் உடனே பதில் சொல்லாமல் வேதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆண்டவர் வாய் திறக்கவில்லை, மெய்தான். தமக்கு வந்த பாடுகளில் மவுனமாயிருந்தார். ஆனால் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைக் குறித்து அவர் மவுனமாயிருந்தாரா? ஜனங்கள் கேட்கும்படி வெளியரங்கமாய்ச் சொன்னார் (மாற்கு 12:40). தம்மைக் கன்னத்தில் அறைந்த சேவகனிடத்திலும், நான் தவறாய்ப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டு, இல்லாவிட்டால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டுத்தான் இருக்கிறார் (யோவான் 18:23). எனக்கு வரவேண்டிய கடனை நான் தள்ளுபடி செய்யலாம். அது என் கையில் உள்ளது. அடுத்தவனுக்கு வரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் ஏது? பெரியம்மா தன் முதுகில் உள்ள புண்ணை மன்னித்தார்கள். பெரியம்மா இறங்கின அதே கட்டிலில் அன்றைக்குச் சாயங்காலமே இன்னொரு தாயைப் படுக்கவைத்திருப்பார்கள். அந்தத் தாய்க்காக மன்னிக்கப் பெரியம்மாவாலும் முடியாது, என்னாலும் முடியாது.

யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைக் குறித்து ஒரு பிரமாணம் உண்டு. நாம் வேகமாய் வாசித்துத் தள்ளிவிடுகிற பகுதி. ஒருவனுடைய மாடு முட்டி ஒருவன் செத்தால், மாட்டைக் கொல்லவேண்டும், எஜமான்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முன்பே முட்டுகிற மாடு என்று எஜமானுக்கு அறிவிக்கப்பட்டிருந்தும் அவன் அதைக் கட்டிவைக்காமல் போயிருந்தால், குற்றம் எஜமான்மேல் வருகிறது. இதை வாசித்தபோது எனக்கு ஒரு வெளிச்சம் வந்தது. நடுவிலே யாரோ ஒருவர் போய் எஜமானிடம் சொல்லியிருக்கிறார்! அப்படிச் சொல்லுகிறவர் இல்லாவிட்டால் எஜமான் எந்நாளும் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கொல்லப்படுவது மாடு மட்டும்தான். மூப்பர் பயந்ததும் அதுதான். யாரும் எஜமானிடம் எழுத்தில் சொல்லாத இடத்தில்தான் பழி எப்போதும் கீழே உள்ள பிள்ளைமேல் விழும். கண்டதைச் சொல்லாமல் மறைக்கிறவன் அந்த அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5-ம் அதிகாரம் முதலாம் வசனமும் அதையே வேறுவிதமாய்ச் சொல்லுகிறது.

முறுமுறுப்பு என்று சொன்னாரே, அதற்கு வருவோம். அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் அதே வார்த்தைதான் இருக்கிறது. எருசலேம் சபையில், பெந்தெகொஸ்தே அக்கினி இறங்கின சபையில், தங்கள் விதவைகள் சரியாய் விசாரிக்கப்படவில்லை என்று ஒரு கூட்டத்தார் முறுமுறுத்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், எங்கள் வயதான அம்மாக்களை ஒழுங்காய்க் கவனிக்கவில்லை என்ற புகார்! அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களை நினைத்துப்பாருங்கள் என்று பயமுறுத்தினார்களா? ஜெபித்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்களா? கவனிக்காமல் விட்டவன் யார் என்று விசாரித்து அவனை வெளியே தள்ளினார்களா? ஒன்றுமில்லை. இருக்கிற ஆட்கள் போதவில்லை என்று கண்டு, ஆவியினாலும் ஞானத்தினாலும் நிறைந்த ஏழு பேரை அந்த வேலைக்கென்றே ஏற்படுத்தினார்கள். மன்னாவையும் இறைச்சியையும் குறித்து முறுமுறுத்தவர்கள் தங்கள் வயிற்றுக்காக முறுமுறுத்தார்கள். இவர்கள் விதவைகளின் வயிற்றுக்காகப் பேசினார்கள். வார்த்தை ஒன்றுதான், தேவன் அதைக் கேட்ட விதம் வேறு.

ஆகவே எழுதினேன். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லாமல் இரண்டு பக்கம். தேதி, நேரம், தட்டு வைத்த இடம், டயாப்பர், புண்ணின் போட்டோ, டிக் போட்ட பக்கத்தின் நகல். கடைசியில் இரண்டு கேள்வி: இராத்திரி இருபத்தெட்டுக் கட்டிலுக்கு எத்தனை நர்ஸ் என்று முடிவு செய்தது யார்? செய்யாத வேலைக்கு டிக் போடும்படி சொன்னது யார்? அந்தப் பிள்ளையின் பெயரை எழுதவில்லை. வேலையைவிட்டு ஒருவரையும் நீக்கும்படி நான் கேட்கவில்லை என்றும் எழுதினேன். ஆனால் தேதியை மறைக்கவில்லை. டூட்டி ரிஜிஸ்டரைத் திறந்தால் யார் என்று தெரிந்துவிடும். அவளுடைய தாயார் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "எம் பிள்ள பேரு அதுல இருக்காய்யா?" என்று கேட்டபோதும் அதையே சொன்னேன். பெயர் இல்லை, தேதி இருக்கிறது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, பெரியம்மாவைப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அது எனக்கு இன்னும் பாரமாய் இருக்கிறது. பாரமாய் இருக்கிறது என்பதால் எழுதினது தவறு என்று நான் நினைக்கவில்லை. வேலைப்பளு அதிகம் என்பதால் பொய் டிக் பொய்யில்லை என்று ஆகிவிடாது. அந்தப் பிள்ளைக்கும் அதைச் சொல்லியாகவேண்டும், அன்போடே சொல்லவேண்டும்.

ஒரு வாரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். காபி கொடுத்தார். பில்லில் 40,000 ரூபாய் திருப்பித் தருகிறோம், சிகிச்சையில் திருப்தி, புகார் ஒன்றும் இல்லை என்று ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிடுங்கள் என்றார். எங்கள் கையிருப்புக்கு அது சின்னத் தொகை அல்ல. அந்நேரம் எனக்கு பிலிப்பி பட்டணம் ஞாபகத்துக்கு வந்தது. பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் மறுநாள் காலையில் அவர்களை இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் போகமாட்டேன் என்றான். அடித்தது வெளியரங்கமாய், அனுப்புவது இரகசியமாயா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றான் (அப். 16). பழிவாங்கவா? முந்தின இராத்திரிதான் தன் சிறைச்சாலைக்காரன் தற்கொலை செய்துகொள்ளாதபடி சத்தமிட்டுக் காப்பாற்றினவன் அவன்! மன்னிப்பும் அந்தப் பிடிவாதமும் ஒரே மனுஷனுக்குள் ஒரே இராத்திரியில் இருந்தது. அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. அந்தச் சிறைச்சாலைக்காரன் இரட்சிக்கப்பட்ட அந்த மணி நேரத்திலேயே முதலாவது செய்தது என்ன? அவர்களுடைய காயங்களைக் கழுவினான். சில மணி நேரத்துக்கு முன்னே அவர்கள் காலைத் தொழுமரத்தில் மாட்டின கை!

நான் கையெழுத்துப் போடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எழுத்தில் பதில் இல்லாதபடியால், மாவட்டத்தில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு அதன் நகலை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பதிவு கொடுக்கிறதும் பார்வையிடுகிறதும் அந்த அலுவலகம்தான். பணம் வாங்கிச் சிகிச்சை கொடுக்கிற ஆஸ்பத்திரிகள் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நான் நஷ்டஈடு கேட்டுப் போகவில்லை, போகிறவர்களைக் குற்றப்படுத்தவும் மாட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் இப்படி நடந்தால் 104 நம்பரில் சொல்லலாம். வயதானவர்கள் சம்பந்தமான எந்தக் காரியத்துக்கும் 14567 என்ற நம்பர் உண்டு. எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வார்டில் இராத்திரிக்கு இன்னும் ஒருவரைப் போட்டார்களாம். இருபத்தெட்டுக் கட்டிலுக்கு மூன்று பேர். அந்தப் பிள்ளையை வேலையைவிட்டு அனுப்பவில்லை, வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். இதை ஜெயம் என்று சாட்சி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியம்மாவின் புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் அரசாங்கம் ஆரம்பித்த திட்டத்தில் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து டிரெஸ்ஸிங் செய்தார்கள். நம்முடைய மார்க்கத்தார் அல்ல. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தரையில் முழங்கால்போட்டு உட்கார்ந்துதான் கட்டுப் பிரிப்பார்கள். "வலிச்சா சொல்லுங்க ஆச்சி, நிறுத்திக்கிறேன்" என்று ஒவ்வொரு தரமும் சொல்லுவார்கள். பெரியம்மா அவர்கள் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கிறார்கள்.

நம்மைப்பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பதினொரு நாளில் பெரியம்மாவைப் பார்க்க வந்து ஜெபித்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், தைலம், கண்ணீர். அந்த ஜெபங்களால்தான் காய்ச்சல் இறங்கிற்று என்று நான் விசுவாசிக்கிறேன். தேவன் சுகமளிக்கிறவர், இந்தச் சபையில் அதைச் சந்தேகிக்கிறவன் ஒருவனும் இல்லை. ஆனால் வியாதியஸ்தரை விசாரிக்கிறதைப் பற்றி ஆண்டவர் மத்தேயு 25-ல் சொன்னாரே, அந்த விசாரிப்பு பத்து நிமிஷம் நின்று ஜெபிக்கிறதோடு முடிந்துபோகிறதா? நல்ல சமாரியன் எண்ணெய் வார்த்தான், காயம் கட்டினான், சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். அதோடு விடவில்லை, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். பணம் வாங்கிக்கொண்டு பராமரிக்கிறவனுக்கு, ஒருவன் திரும்பி வந்து பார்ப்பான் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

நம்முடைய சபையில் முப்பது வருஷம் நர்சாக இருந்து ரிடையர் ஆன ஒரு சகோதரி இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கிறவரை எப்படித் திருப்புவது, விரிப்பை ஆள் கிடக்கும்போதே எப்படி மாற்றுவது, எங்கெங்கே தொட்டுப் பார்ப்பது, எப்படி ஊட்டினால் புரை ஏறாது என்பதையெல்லாம் சொல்லித்தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, சபை ஹாலுக்குப் பின்னால் உள்ள அறையில். ஆண்களும் வரலாம், வரவேண்டும். சபையார் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், முறைவைத்துப் போய் இரண்டு மணி நேரம் கூட இருக்க இதுவரைக்கும் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் முதல் பெயர் மூப்பருடையது. மற்றவர்கள் ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மாவிடம் சொல்லலாம். வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு தலையணை கொண்டுவாருங்கள். கட்டில் ஒன்று இருக்கிறது.